முதல் அனுதாபி

முதல் அனுதாபி என்றொரு ஜீவன் உண்டு. தெரியாது என்று தலையாட்ட வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசியைத் திறந்தால் பள்ளி நண்பர் குழுவிலும் மாடிவீட்டார் குழுவிலும் அலுவலகக் குழுவிலும் குழுவுக்கு ஒருவராகக் குந்தியிருப்பார். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், அவருடைய மனைவி "ஐயோ" என்று வாய் திறப்பதற்கும் நம்மாள் "ஆழ்ந்த இரங்கல்" என்று பதிவிடுவதற்கும் இடையில் அரை நிமிட வித்தியாசம்தான் இருக்கும். பல வேளைகளில் முந்துவது மனைவி அல்ல.

எங்கள் அலுவலகத்தில் இந்த இனத்துக்கு உத்தம உதாரணம் லோகேஸ்வரன். கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்கும் ஒருகொடவத்தையில், இறக்குமதிப் பத்திரங்களைச் சரிபார்த்துச் சாமான்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. லோகேஸ்வரன் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அந்த இரண்டு பஸ்களும்தான் அவருடைய பட்டறை. யார் இறந்தாலும் அவர்களின் படம் ஒன்று லோகேஸ்வரனிடம் இருக்கும். கல்யாண வீட்டில் சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகிற மனிதரை அப்படியே தனியாக வெட்டியெடுத்து, கவளத்தை அழித்து, கையை அழித்து, முதுகுக்குப் பின்னால் நீல வானத்தை விரித்து, இந்து என்றால் குத்துவிளக்கும் கிறிஸ்தவர் என்றால் மெழுகுதிரியும் முஸ்லிம் என்றால் பிறையும் வைத்து, அடியில் ஒரு சோகப் புல்லாங்குழலை ஊதவிட்டு, பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் பதிவிட்டுவிடுவார். வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். அதற்கு என்ன செய்வது?

சினிமாக்காரர் யாராவது இறந்துவிட்டால் அன்றைக்கு லோகேஸ்வரனிடம் வேலை வாங்க முடியாது. தான் பிறப்பதற்கு முன்பே நடிப்பை விட்டுவிட்ட நடிகருக்கும் "என் இளமைக்காலம் இன்றோடு முடிந்தது" என்று எழுதுவார். நான் அறிய அவருடைய இளமைக்காலம் பதினொரு தடவை முடிந்திருக்கிறது. எழுதிவிட்டுச் சும்மா இருப்பாரா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுக்குக் கீழே எத்தனை அழுமுகப் பொம்மை விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். ஐம்பதைத் தாண்டினால் துக்கத்திலும் முகம் மலர்ந்துவிடும். பிறகு தேநீர் கேட்பார்.

போட்டி இல்லாத தொழில் ஏது? வரவேற்பில் இருக்கும் ஷிம்னாவும் இதே இனம். போன மாதம் ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் காலமானபோது ஷிம்னா நான்கு நிமிடம் முந்திவிட்டார். லோகேஸ்வரன் அன்று பகல் சாப்பிடவில்லை. சாரதி மீது அவ்வளவு பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பத்திரப் பிரிவுக்குத் தலைவர் ஹியூபேட் அண்ணன். கொட்டாஞ்சேனைக்காரர், முப்பத்து நான்கு வருடச் சேவை. அந்த மாதக் கடைசியில் அவருக்கு அறுபது வயது. சட்டப்படி வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் கடைசி மகள் தாதியர் படிப்பு முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதனால் இரண்டு வருட நீடிப்புக் கேட்டிருந்தார். கடிதமும் தயார். திங்கட்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் மனேஜர் மஷூர் கையெழுத்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே அண்ணனுக்குக் கண்ணில் வெண்படல ஒப்பரேஷன் என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவருடைய மனைவி கோயிலுக்குப் போய், ஒப்பரேஷன் நல்லபடி முடியவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினார். கொளுத்திய திரியை அண்ணனின் ஃபோனிலேயே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். பிறகு, ஆஸ்பத்திரியில் சத்தம் போடக்கூடாது என்று ஃபோனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். பாவம், அவர் செய்ததில் என்ன பிழை?

இரண்டாவது பஸ்ஸில் இருந்த லோகேஸ்வரன் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தார். அண்ணனுக்கு அழைத்தார். ஃபோன் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரி, மெழுகுதிரி, அணைந்த ஃபோன். மூன்றையும் கூட்டிப் பார்த்தார். நிச்சயப்படுத்திக்கொள்ளக் கால் மணி நேரம் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் ஷிம்னாவும் அந்த நேரம் பஸ்ஸில்தானே வந்துகொண்டிருப்பார்?

ஒன்பது இருபதுக்குப் பதிவு வந்தது. வானம், திரி, புல்லாங்குழல் எல்லாம் இருந்தன. "இறுதி ஆராதனை விபரம் பின்னர் அறியத்தரப்படும். இத்துயர வேளையில் குடும்பத்தினருக்குத் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. என்ன பண்பு பாருங்கள். நாங்களும் தொந்தரவு செய்யவில்லை. பத்து மணிக்குள் நூற்று நாற்பத்து மூன்று அழுமுகம் விழுந்தது.

மஷூர் நல்ல மனிதர். அவரும் கண்கலங்கி, தன் கையாலேயே நான்கு வரி எழுதிக் குழுவில் போட்டுவிட்டு, ஒரு நிமிட மௌனத்தோடு கூட்டத்தைத் தொடங்கினார். மௌனம் முடிந்ததும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். முதலாவது விடயம், ஹியூபேட்டின் சேவை நீடிப்பு. அது தானாகவே தீர்ந்துபோயிருந்தது. கடிதத்தைக் கோப்பில் போட்டார்கள். தெஹிவளைக் கிளையில் இருக்கும் ஜெயகுமாரைச் செவ்வாய்க்கிழமையே அந்தக் கதிரைக்கு வரச்சொல்லித் தகவல் போனது. நேரம் பத்தேகால்.

எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடுகிற ஆறாயி அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அழுமுகம் போட வழியில்லை. ஆகவே அவர் பின்னேரம் முகத்துவாரத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போகிற வழியில், சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் இறங்கி, செத்த வீட்டுக்குப் போனார். அங்கே செத்தவர் ஒரு கண்ணில் கட்டுடன் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறாயி அக்கா மேசை மேசையாகத் தேநீர் வைத்தபடி விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணன் நன்றாக இருக்கிறார், இரண்டு நாள் ஓய்வு சொல்லியிருக்கிறார்கள், அதுவரை ஃபோனைத் தொடக்கூடாதாம், புதன்கிழமை வருவார் என்றார். யார் நம்பினார்கள்? குழுவில் வந்துவிட்டதே. நூற்று நாற்பத்து மூன்று பேர் அழுதிருக்கிறார்களே. ஒருவர் வந்து தேநீரோடு சொன்னால் செத்தவர் எழும்பிவிடுவாரா?

"உசுரோடதாங்க இருக்காரு. அவரு வீட்டுல பிளேன் டீ குடிச்சிட்டுத்தான் வந்தேன்," என்றார் அக்கா.

லோகேஸ்வரன் எழுந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அக்கா, மனசு ஏத்துக்கொள்ளாது. துக்கத்தில முதல் கட்டம் அப்பிடித்தான். நான் வீடியோவில பார்த்தனான்."

ஆறாயி அக்கா அவருடைய கோப்பையை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அன்றைக்கு லோகேஸ்வரனின் தேநீரில் சீனி இல்லை.

புதன்கிழமை, அதாவது சரியாக மூன்றாம் நாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹியூபேட் அண்ணன் வந்தார். வாசலில் காவலர் நிக்கலஸ் கும்பிட்டு, சிலுவை போட்டு, பிறகுதான் கதவைத் திறந்தாராம். உள்ளே வந்த அண்ணன் தன்னுடைய கதிரையில் ஜெயகுமார் இருப்பதைக் கண்டார். ஜெயகுமார் கதிரையின் உயரத்தைக்கூடத் தனக்கேற்றபடி மாற்றியிருந்தார். அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. மகளின் இரண்டு வருடம் கோப்புக்குள் போய்விட்டதை அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்று நான் போட்டது. அதுவும் பஸ்ஸில் நின்றபடி, யார் எவர் என்று பார்க்காமல்.

லோகேஸ்வரன் என்ன செய்தார்? ஓடிவந்து கட்டிப்பிடித்தார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் செல்ஃபி எடுத்து, "மரணத்தை வென்ற மாமனிதர்" என்று பதிவிட்டார். ஷிம்னாவால் கிட்ட நிற்க முடியவில்லை. இருநூற்றுப் பத்து இதயம்.

அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேலே வந்து, பிழை தன்னுடையது என்று மனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லோகேஸ்வரனின் கண்ணீர் டக்கென்று நின்றது. அவருடைய பதவி உயர்வுக் கடிதமும் அதே மனேஜரின் மேசையில்தான் கிடந்தது.

"அண்ணை, என்ர மனசு முழுக்க உங்களோடதான் இருக்கு," என்றார்.

"மனசு இருக்கட்டும் தம்பி. எனக்கு வேண்டியது கால். மேல வா."

கால் வரவில்லை. நான்தான் அண்ணனைக் கைபிடித்துப் படியேற்றினேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், கதவோடு நின்றுவிட்டேன். எனக்கும் வருடக் கடைசியில் சம்பள உயர்வு இருக்கிறதல்லவா?

மஷூர் எழுந்து நின்று, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆனால் கதிரை விஷயம் மேலிடத்துக்குப் போய்விட்டதாம், இனி மாற்றுவது கஷ்டமாம். அண்ணன் வாதாடவில்லை. ஃபோனை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை மஷூர் எழுதிய நான்கு வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஹியூபேட் இல்லாத பத்திரப் பிரிவை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று இருந்தது. அவருடைய இடத்தை எவராலும் நிரப்ப முடியாது என்று முடிந்தது.

"சேர், இத ஒம்பது அம்பதுக்கு எழுதியிருக்கீங்க," என்றார் அண்ணன். "பத்தேகாலுக்கு ஜெயகுமார் நிரப்பிட்டாரே."

மஷூர் காதுவரை சிவந்துபோனார். சிரிப்பு வந்தது, அதை அடக்கினார். பிறகு வெட்கம் வந்தது, அதை அடக்க முடியவில்லை.

"ஹியூபேட், அத நான் யோசிச்சு எழுதல்ல. எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினன்."

"சரி சேர். இத யோசிச்சுக் கையெழுத்து வைங்க."

மஷூர் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்தார். மேலிடத்துக்கு நானே சொல்கிறேன் என்று முணுமுணுத்தபடி கையெழுத்து வைத்தார். வெளியே நின்ற எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எப்படித்தான் அறிந்தாரோ, நாங்கள் படியிறங்கி முடிப்பதற்குள் "இரண்டு வருட நீடிப்பு! முதலில் வாழ்த்துவது உங்கள் லோகேஸ்" என்று குழுவில் வந்துவிட்டது. ஜெயகுமார் பாவம், ஒருகொடவத்தைக்கு வருகிற அலைச்சலை நினைத்துப் பயந்துபோயிருந்தவர், அன்றைக்கே சந்தோஷமாகத் தெஹிவளைக்குப் பஸ் ஏறினார்.

லோகேஸ்வரனை நினைத்து நன்றாகச் சிரித்துவிட்டீர்கள். நானும்தான் சிரித்தேன். இப்போது ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் கடைசியாக அழுமுகம் போட்டது யாருக்கு? நேற்றா, முந்தாநாளா? பெயர் வாயில் வருகிறதா? வராவிட்டால் கவலைப்படாதீர்கள், எங்கள் குழுவில் அப்படி நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம், உங்களுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் ஃபோனைக் கீழே வைக்குமுன் அந்த வீட்டுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். சில வேளை அவரே எடுத்து, யார் கதைக்கிறது என்று கேட்பார்.