மொர்லே கடிகாரமும் பூமாலையின் பட்டாவும்

காலத்தைப் படைத்தவர் கடவுள்; அதைச் சரியாக ஓட வைத்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள்; அதை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை, மனைப் பட்டா வழங்கும் தனி வட்டாட்சியர் திரு. அரிபிரசாத் அவர்களையே சாரும்.

தை மாதம் முதல் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு 'மொர்லே' கைக்கடிகாரம் குடியிருந்தது. பட்டா கேட்காமலேயே குடியேறிவிட்டது. விலை பதினோரு லட்சம். அன்றே அவர் முழுக்கைச் சட்டையைத் துறந்தார். அலுவலகச் சுவர்க் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். 'பாரம்பரியம் இல்லாத நேரத்தை' அரசு நம்பக் கூடாது அல்லவா? மதியச் சாப்பாட்டுக்கு அவர் பன்னிரண்டே முக்காலுக்குப் போவார், மூன்றேகாலுக்கு வருவார். இரண்டிலும் ஒரு நொடி பிசகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காணை கிராமத்திலிருந்து பூமாலை வந்தார். கரும்பு வெட்டும் கூலிக்காரப் பெண். வீட்டுமனைப் பட்டாவுக்காகப் பதினோரு ஆண்டுகளாக நடக்கிறார். மாதக் கடைசிக்குள் பட்டா கிடைக்காவிட்டால் வீடு 'ஆக்கிரமிப்பு', இடித்துவிடுவார்கள்.

"ஆறு தலைமுறையா அங்கதான் சார் இருந்துக்கினு வர்றோம்."

"ஆதாரம்?"

"நாங்கதான் சார்."

அரிபிரசாத் மெய்யாகவே வருந்தினார். பாரம்பரியம் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள்! இழுப்பறையிலிருந்து கடிகாரத்தின் வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தார்.

"இந்தா பாரும்மா, இதான் பாரம்பரியம். அஞ்சு தலைமுறை! மொதல் மொர்லே ஆட்டுக்கொட்டாயிலதான் குடியிருந்தாரு. அங்கயே குந்திக்கினு மொதல் வாட்ச்சப் பண்ணாரு." சொல்லிவிட்டு மணிக்கட்டை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"எங்க வூட்டையும் ஆட்டுக்கொட்டாய்னுதான சார் போன வருசம் எழுதினீங்க? மனுசங்க வாழுற எடமே இல்லன்னு."

"அவரு கொட்டாய்க்கு போட்டோ இருக்குதும்மா!"

பூமாலை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மொர்லேயின் மீசை. கொட்டகையின் படம். நூறாண்டு உத்தரவாதம். பெட்டியையே ஒருமுறை கவிழ்த்தும் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பில்லு எங்க சார்?"

"பில்லா?"

"மிக்ஸிய ரிப்பேருக்கு எடுத்துக்கினு போனேன். பில்லு இல்லாம தொட மாட்டேன்னுட்டான். ஆயிரத்து எட்நூறு ரூவா மிக்ஸிக்கே அப்பிடி. இது நின்னு போச்சின்னா என்னா சார் பண்ணுவீங்க?"

பெரிய மனிதருக்கு ஒரு கூலிக்காரி முன் தலைகுனிவா? அலுவலக உதவியாளர் ஆரோக்கியராஜுக்குப் பொறுக்கவில்லை. விசுவாசம் பொங்க முன்னால் வந்தார்.

"திண்டிவனத்துல பிளாட் போட்டு விக்கிறவரு பொங்கலுக்குக் குடுத்ததுக்கு ஏதும்மா பில்லு? சும்மா பேஜார் பண்ணாத!"

வரிசையில் நின்ற பதினேழு பேரும் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் செல்போனையும் நிமிர்த்தினார்கள்.

அரிபிரசாத்தின் இடது கை மேசைக்கு அடியில் போய்விட்டது. வலது கை பூமாலையின் கோப்பைத் தேடி எடுத்தது, பச்சை மையில் கையெழுத்துப் போட்டது, முத்திரையும் குத்தியது.

"வாங்கிக்கினு ஜல்தியா கெளம்புங்கம்மா," என்றார். பதினோரு ஆண்டில் அந்த அலுவலகத்தில் பூமாலைக்குக் கிடைத்த முதல் 'ங்க' அது.

பூமாலையிடம் காகிதம் இல்லையென்று பதினோரு ஆண்டுகள் அசையாமல் கிடந்த கோப்பு, அரிபிரசாத்திடம் ஒரே ஒரு காகிதம் இல்லையென்றதும் நான்கு நிமிடத்தில் நகர்ந்தது.