பௌர்ணமிக்கு மறுநாள் மீன் விருந்து

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவனால் வரும் கெடுதி, அதை அறவே தெரியாதவனால் வருவதில்லை. இதை நான் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில், கையில் இருந்த கொஞ்சம் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, என் சொந்த அக்காவின் மறுவீட்டு விருந்தைக் கடலில் கரைத்தவன் நான்.

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் பிரவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையை இரண்டாம் தடவையில் தேறி (முதல் தடவையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்) ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். கஷ்டப்பட்டுப் படித்த மொழியைப் பேச ஆள் குறைந்துகொண்டே போனதில் எனக்கு மிகுந்த வருத்தம். அதனால் யார் வாயைத் திறந்தாலும் உள்ளே ஒரு பிரெஞ்சு வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் அப்படித் தேடினால் கிடைக்காமலும் போகாது.

அந்தச் சமயத்தில்தான் சரோஜா அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம், நெல்லும் கரும்பும் உள்ளவர்கள். தாம்பூலம் மாற்றியதும் மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவிடம் சொன்னார்: "கறி எங்க ஊர்லயே கெடைக்கும் சம்பந்தி. மறுவீட்டுக்கு நல்ல கடல் மீனாப் போடுங்க. எங்க சனம் முப்பது பேரும் அத நெனச்சிக்கினுதான் வருவாங்க." மாப்பிள்ளையின் அம்மா அக்காவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்ததோடு சரி.

அவர்கள் போன பிறகு அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அந்த அம்மா பாத்த பார்வையப் பாத்தியாடா? நான் அந்த வூட்ல எப்டி இருக்கப்போறேன்றது இந்த ஒரு சாப்பாட்டுலதான் இருக்கு. மீன் பொறுப்ப நீ எடுத்துக்கோ. கெடுத்துடாத." அக்கா என்னை நம்பி ஒரு காரியம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஏன் கொடுத்தாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர் வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பத்துச் செங்கேணிக்கா. அவர் வீட்டுக்காரர் அஞ்சாப்புலிக்குச் சொந்தக் கட்டுமரம் உண்டு. நான் குப்பத்துக்கே போய், எந்த நாளில் மீன் நிறையக் கிடைக்கும் என்று அஞ்சாப்புலியிடம் கேட்டேன். அறுந்த வலையை முடிந்துகொண்டிருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார். "எல்லாம் நீவாட்டுலதான் தம்பி இருக்கு. நீவாடு தோதா இருந்தா மீனு. இல்லன்னா இல்ல."

நீவாடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரெஞ்சில் தண்ணீர் மட்டத்துக்கு 'நிவோ தோ' என்று பெயர். இருநூறு வருடமாக வெள்ளைக்காரர்களோடு பழகிய கடற்கரையில் 'நிவோ தோ' தேய்ந்து நீவாடு ஆகாமல் வேறு என்ன ஆகும்? (அவர் சொன்ன 'தோதா'விலும் ஒரு 'தோ' இருந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை.) அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். அரை நிமிட வேலை. பிரவே தேறியவன் போய் அதைக் கேட்பானா?

மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது. அப்பாவின் துணிக்கடையிலிருந்து மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டதும் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் போவேன். வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்று கோலை ஊன்றி, மட்டத்தை நோட்டில் எழுதுவேன். விடுமுறை நாட்களில் காலையிலிருந்து அங்கேதான். கரையில் வலை உலர்த்துகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்வார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். துணி அளக்கக் கோல் இல்லாமல் அப்பா முழம் போட்டுக் கொடுத்ததில் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

இரண்டு மாதத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான்: அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் தண்ணீர் மிக அதிகமாக ஏறுகிறது. உலகத்தில் இதை முதலில் கண்டவன் நானே என்று நம்பினேன். அந்த அசட்டுத்தனத்தை விட்டுவிடுவோம். ஒரு பௌர்ணமி மாலையில் நிலா எழுந்து வர வர, என் கோலில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக முழுகின. அத்தனை தொலைவில் இருக்கும் ஒன்று என் முழங்காலைத் தொடும் தண்ணீரை வந்து தூக்குகிறது. எழுதுவதை மறந்து நின்றுவிட்டேன். நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எங்களில் முகூர்த்தம் வைப்பது வளர்பிறையில்தான். மறுவீட்டு நாள் எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. பத்து நாள் தள்ளி வைக்கலாம் என்றார் அப்பா. பௌர்ணமிக்கு மறுநாள்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். (பௌர்ணமியன்றே வைத்திருப்பேன், அம்மா அன்று விரதம்.)

"மீன்காரங்களக் கேட்டியாடா?" என்றார் அப்பா.

"கேட்டுட்டேன்பா. பிரெஞ்சுலயே சொன்னாங்க."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

செங்கேணிக்காவிடம் நாளைச் சொன்னபோது அவர் கூடையைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார். "அன்னைக்கா? நெலா பகலாட்டம் காயுமே தம்பி."

"அதுக்குத்தான்க்கா. அன்னைக்கு நீவாடு உச்சம்."

"ஆமா, உச்சந்தான்," என்றார். வாயோரம் ஒரு சிரிப்போடு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். நிபுணர்கள் ஒத்துப்போய்விட்டோம் என்று எனக்குப் பெருமை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுவீட்டுக்கு முதல் நாள் மாலை, முப்பது பேருக்கு வேண்டிய மீன் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கக் குப்பத்துக்குப் போனேன்.

"மீனா?" என்றார் செங்கேணிக்கா. "மீனு வேணுமா ஒங்களுக்கு?"

"என்னக்கா இப்டிக் கேக்கறீங்க?"

"நெலா வெளிச்சத்துல மீனு வலயப் பாத்துட்டு ஒதுங்கிடும். நீவாடு வேற இழுக்கும். இந்த நாளப் போயி கேட்டதும், ஓகோ, மீனு கெடைக்கலன்னு சொல்லி சம்பந்திக்குக் கத்திரிக்காயப் போட்டு அனுப்பப் போறாங்கன்னு நெனச்சேன். படிச்ச புள்ள எவ்ளோ நேக்கா சமாளிக்குதுன்னு எங்க வூட்டுக்காரராண்ட கூட சொன்னனே."

அக்காவின் முகம் கண்முன் வந்தது. என் நிலைமையைப் பார்த்து அஞ்சாப்புலி, "காலைல எறங்கிப் பாக்கறேன், வா," என்றார். வீட்டில் இருந்து அக்காவைப் பார்ப்பதைவிடக் கடலே மேல் என்று நானும் சரி என்றேன்.

கிழக்கு வெளுக்கும்போது கட்டுமரம் இறங்கியது. அவர், அவர் மச்சினர், நடுவில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். மூன்றாவது அலையில் என் வயிறு காலியாகிவிட்டது. வலை விட்ட பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கடலுக்கு மேலே சூரியன் எழுந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஊருக்கு மேலே நிலா இன்னும் இறங்காமல், முழுசாக, வெளிறி நின்றது. இரண்டும் ஒரே உயரத்தில். நடுவே மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதன் மேல் நான். என் நோட்டும் மீட்டர் கோலும் நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

அப்புறம் இன்னொன்று நடந்தது. கடல் தட்டையாக இருந்தது. யாரும் துடுப்புப் போடவில்லை. ஆனால் கலங்கரை விளக்கமும் மாதா கோயில் கோபுரமும் மெதுவாகத் தெற்கே நடந்துபோயின. ஊரே எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கரையைக் கைகாட்டினேன்.

"ஊரு எங்கயும் போல. நாமதான் போறோம்," என்றார் அஞ்சாப்புலி. வலையின் மிதப்புகள் வடக்கே ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினார். "கீழ தண்ணி இழுக்குது பாரு. இதுக்குப் பேருதான் நீவாடு."

நீரோட்டம். மட்டம் இல்லை. சத்தமே இல்லாமல் மொத்தக் கடலும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்க, நான் அதன் ஓரத்தில் இரண்டு மாதம் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

வலையில் வந்தது வலை நிறையச் சொறி (கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு கடல் பிராணி, பெயர்க் காரணம் தொட்டவர்களுக்குத் தெரியும்), கூடவே காரப்பொடி என்ற பொடிமீன் ஒரு கைப்பிடி. நீவாடு எங்களை வடக்கே கோட்டக்குப்பத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து சொறிந்துகொண்டே நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பந்தி முடிகிற நேரம். மார்க்கெட்டிலும் மீன் இல்லாமல் அப்பா கத்திரிக்காயைத்தான் வாங்கி வந்திருந்தார். "கத்திரிக்கா பாண்டிச்சேரில நல்லாத்தான் வெளையுது," என்று அக்காவின் மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தாள். கண்ணில் நீர் விழத் தயாராக இருந்தது.

"தம்பி, மீனு?" என்றார் மாமனார்.

துண்டை அவிழ்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத காரப்பொடிகள் கூடத்துத் தரையில் விழுந்தன. அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் கடல் என் தலைக்குள்ளிருந்து இறங்கவில்லை. என்னை அறியாமல் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். சூரியனும் நிலாவும் எதிரெதிரே நின்றது, ஊர் நடந்துபோனது, நிவோ தோ, மீட்டர் கோல், ஒன்று விடவில்லை.

மாமனார் கை இலையிலேயே காய்ந்துபோனது. "ரெண்டும் ஒரே நேரத்துலயா தெரிஞ்சுது?"

"ஆமா மாமா."

"ஊரு நகந்துச்சா?"

"நகந்துச்சு."

அப்போது மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் கோலோடு தண்ணீரில் நின்ற காட்சி அவருக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே, "ஒன் தம்பி எப்பவுமே இப்டித்தானா?" என்று கேட்டார்.

"பொறந்ததுலேருந்தே அத்த," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். முதல் விருந்திலேயே மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரிக்க ஒரு முட்டாள் கிடைத்துவிட்டான். அக்கா அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தாள்.

மாமனாருக்குத்தான் அது சிரிப்பாகத் தோன்றவில்லை. அடுத்த மாதமே வந்து, செங்கேணிக்கா சொன்ன தேய்பிறை நாளில், அஞ்சாப்புலியோடு கடலுக்குப் போனார். இரண்டு கூடை வஞ்சிரத்தோடு திரும்பியவர் அன்று முழுக்கக் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் இரு குடும்பத்திலும் எந்த விசேஷத்துக்கும் முதலில் செங்கேணிக்காவைக் கேட்பது, அப்புறம்தான் ஜோசியர், என்று அவரே சட்டம் போட்டுவிட்டார்.

நாலு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். செங்கேணிக்கா சொன்னது தேய்பிறை நாள். வளர்பிறை முகூர்த்தம்தான் வேண்டும் என்று பெண்ணின் அப்பா பிடிவாதமாக இருந்தார். அவரோடு அரை நாள் வாதாடி ஜெயித்தது அக்காவின் மாமனார். தேய்பிறையில் தாலி கட்டினேன். மறுவீட்டில் வஞ்சிரம் மிஞ்சிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று.

உறவுக்காரர்கள் யாராவது இன்றைக்கும் அந்தக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, போயும் போயும் தேய்பிறையிலா வைத்தார்கள் என்று என் மனைவியிடம் கேட்பதுண்டு. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வாள்: "மத்தவங்களுக்கு வளர்பிறை. எனக்கு வஞ்சிரம்."