பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் போட்ட இசைத்தட்டு

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. கேட்டுவிட்டாலோ இன்னும் மோசம், முழுதாகச் சொல்லிவிடுவேன்.

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து அயனம்பாக்கம் ஃப்ளாட்டுக்கு வந்த வருடம். மகளைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம். மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது (புகைப்படத்தைப் பதினொரு தடவை பார்த்தாள், எண்ணினேன்). கேசரி வந்தது, பேச்சு நின்றது. பையனின் அப்பா மரியாதைக்கு அலமாரியைக் காட்டி, "என்ன சார், இவ்ளோ ரெக்கார்டு?" என்றார்.

என் மனைவி கண்ணைக் காட்டினாள். நான் எங்கே பார்த்தேன்!

"இங்கிலாந்து நாட்டுப்புறப் பாட்டை எலெக்ட்ரிக் கிதார்ல வாசிச்ச குழு சார். மொத்தம் பதினாலு தட்டு. மூணாவது தட்டுல பாடகிக்கும் வயலின்காரருக்கும் கல்யாணம். அஞ்சாவதுல விவாகரத்து. ஆனா ஆறாவதுலயும் சேர்ந்து பாடியிருக்காங்க, பாருங்க!"

பையனின் அம்மா கேசரியைக் கீழே வைத்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று இருப்பதிலேயே நல்ல தட்டைப் போட்டேன்.

"குரல் நல்லாருக்கே. கல்யாணப் பாட்டா?" என்றார் அந்த அம்மாள்.

"கல்யாணப் பாட்டுதாங்க. மாப்பிள்ளை கப்பல்ல போயிடறான், பொண்ணு காத்திருந்தே செத்துப்போறா. அடுத்தது இன்னும் பிரமாதம். மாமியாரே விஷம் வச்சிடறா."

பையனின் தாய்மாமன் பூந்தமல்லிக்காரர். மெதுவாகக் கேட்டார்: "இன்னா சார், இந்தத் தட்டுல ஒருத்தராவது உயிரோட கீறாங்களா?"

விரல்விட்டு எண்ணினேன். "ஒன்பது பாட்டுக்கு ரெண்டு சார். அதுல ஒண்ணு குதிரை."

மறுநாள் தரகர் போன் செய்தார். ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம்; எட்டு இல்லையாம், மூன்றுதானாம். மகள் என்னோடு பத்தொன்பது நாள் பேசவில்லை. இருபதாம் நாள் பேசியதும், "சாப்பாடு ஆறுது" என்ற இரண்டே வார்த்தைதான். அடுத்த வரன் அமைய இரண்டு வருடம் ஆனது. நல்ல பையன்தான். இருந்தாலும் அந்த இரண்டு வருடத்தை என் கணக்கிலிருந்து யாரும் கழிக்கவில்லை.

போன மாதம் என் மைத்துனர் மகளை எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்த்தார்கள். மூன்று மணிக்கே என் கையில் குடையைக் கொடுத்து ஏரிக்கரைக்கு நடக்க அனுப்பிவிட்டார்கள். எழுபத்து மூன்று வயதில், முட்டி வலியோடு! நாலாயிரத்து இருநூறு அடி நடந்ததும் மகளிடமிருந்து போன்.

"அப்பா, அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

"அப்போ வரட்டுமா?"

"ஐயோ, வேணாம்ப்பா. இன்னும் காபி குடிச்சிட்டிருக்காங்க."