மேயருக்கு ஒரு முன்மொழிவு

"இது முன்மொழிவா? கெஞ்சல்!" என்று லியோனோரா தாளை மேஜைமேல் போட்டாள்.

ருஃபினோ தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து காப்பியாகக் குடித்துத் தள்ளி எழுதியது அது. 'எங்கள் மேயர் ரொம்ப நல்லவன். யார் வம்புக்கும் போகமாட்டான். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.' இதற்குமேல் என்ன எழுதுவது?

மேயர் அவனுடைய சேவல். சண்டைச் சேவல் ஜாதிதான், ஆனால் பூனையைக் கண்டால் கூரையில் ஏறிக்கொள்ளும். பொரித்த நாளிலிருந்து அவன் கையில் சோறு தின்று வளர்ந்தது. இப்போது அதற்குக் கேடு வந்திருந்தது. பத்தங்காஸ் நகரத்தை ஒட்டிய அந்தக் காலனியின் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழு, போன மாதம் முதல் ஞாயிறு கூடி, இனிக் காலனிக்குள் சேவல் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. மாதக் கடைசிக்குள் மேயர் போயாக வேண்டும். போக்கிடம் என்று பார்த்தால் இஞ்சியும் பப்பாளிக்காயும் போட்ட சூப்புதான். நினைத்தாலே ருஃபினோவுக்கு அழுகை முட்டியது.

"விதிவிலக்கு கேட்டு ஒண்ணு எழுதிக்கிட்டு வா, நான் திருத்தித் தர்றேன்" என்று கூப்பிட்டவளே லியோனோராதான். குழுவின் செயலாளர், எதிர் வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

"இதுல சங்கத்துக்கு என்ன லாபம்? அதை முதல் வரியிலேயே சொல்லணும்."

"லாபமா... விடியறதுக்கு முன்னாடியே கூவுவான் அக்கா. தெருவே எழுந்துக்கும்."

"அது எனக்கு நல்லாவே தெரியும்" என்றாள் அழுத்தமாக. "அதையே பொதுச் சேவைன்னு எழுது."

எழுதினான்.

"பொதுச் சேவைன்னா பொதுச் சொத்தா இருக்கணும். இல்லாட்டி சுயநலம்னு தள்ளிடுவாங்க. சேவலைச் சங்கத்துக்கே குடுக்கறதா எழுது. பேருக்குத்தான்."

"பேருக்குத்தானேக்கா?"

பதிலுக்கு ஒரு தட்டு அரிசிப் பிட்டு வந்தது. பெரியவர்கள் வீட்டுப் பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டு 'மாட்டேன்' என்று சொல்லும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. எழுதினான்.

"தீனிச் செலவுக்கு?"

"நானே போடறேன்."

"சங்கச் சேவலுக்கு நீ எப்படிப் போடுவே? வரவு காட்டாத முன்மொழிவைக் குழு தொடவே தொடாது. திருவிழாவுல குலுக்கல் சீட்டு விக்கலாம்னு போடு. முதல் பரிசு..."

"குக்கரா?"

"மேயர்."

பிட்டு தொண்டையில் அடைத்தது. அவன் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் கையெழுத்தையும் வாங்கிவிட்டாள்.

வீட்டில் மனைவி டெல்ஃபா பிரதியைப் படித்தாள். "நீ மேயரைக் காப்பாத்தப் போனியா, பந்தி வைக்கப் போனியா?"

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் கூட்டம். குழுவில் லியோனோராவும் ஐந்து ஆண்களும். சேவல் தடைக்காகப் போன கூட்டத்தில் மணிக்கணக்காக வாதாடியதாக ஐந்து பேரும் வீட்டில் அளந்திருந்ததால், அந்த வீரத்தை நேரில் பார்க்க மனைவிமார் நூடுல்ஸ் அண்டாவோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு பேராவது இருந்தாத்தான் கூட்டம் செல்லும். ஆறு பேரும் இருக்கோம்" என்று ஆரம்பித்தார் தலைவர் அமாடோ. முன்மொழிவைப் படித்து உருகிப்போனார். "நம்ம சங்கத்துக்கு இப்படி ஒரு முன்மொழிவு வந்ததே இல்லப்பா!"

ருஃபினோ துள்ளி எழுந்தான். "தலைவரே, வேண்டாம்! நான் திரும்ப வாங்கிக்கறேன்!"

"திரும்ப வாங்கணும்னா அதுக்குத் தனியா ஒரு முன்மொழிவு குடுக்கணும். லியோனோரா ஒத்தாசை பண்ணுவாங்க."

லியோனோரா புன்னகைத்தாள். கைகள் உயர்ந்தன. மேயர் கையை விட்டுப் போகிறான் என்று ருஃபினோ கண்ணை மூடிக்கொண்டான். குழுவிலேயே மூத்தவரான தெபான் கிழவர் மட்டும் நூடுல்ஸை விடவில்லை.

"அண்ணே, கையைத் தூக்குங்க" என்றார் அமாடோ.

"இருப்பா. தடைன்னு ஒண்ணு இருந்தாத்தானே விதிவிலக்கு? அதை எப்போ போட்டோம்?"

அமாடோ மேஜைக்கடியில் அவர் காலை உதைத்தார். கிழவர் காலை நகர்த்திக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார்.

லியோனோரா வேகவேகமாகச் சொன்னாள்: "போன மாசம் முதல் ஞாயிறு. ஆறு பேரும் ஆஜர், ஆறு பேரும் ஆதரவு. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

உயர்ந்த கைகள் மெல்ல இறங்கின. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார். பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. தலைவரின் நெற்றி வியர்ப்பதைக் கண்டதும், ஏனென்று புரியாமலே ருஃபினோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டான்.

தெபான் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன லியோனோரா இது, முதல் ஞாயிறு நீ ஒருத்திதானே இங்க இருந்தே? நாங்க அஞ்சு பேரும் சேவல் சண்டைக்குல்ல போயிருந்தோம்!"