இணைப்பு நானாவின் கழுதைப் படம்

ஆதாரம் இல்லாமல் தும்மக்கூட மாட்டாத மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கற்பிட்டி இணைப்பு நானா; எங்கள் பக்கம் நானா என்றால் அண்ணன். உப்பளக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் என்று லீவுக் கடிதம் எழுதினால், 'இணைப்பு 1' என்று வெப்பமானியையும் சேர்த்து அனுப்புவாராம். நான் அதை நம்புகிறேன். ஏனென்றால் கழுதை விவகாரம் என் கண்முன்னால் நடந்தது.

எங்கள் பக்கம் கட்டாக்காலிக் கழுதைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்று, எத்தாளையில் எங்கள் வளவுக்குப் பக்கத்திலிருந்த நானாவின் மிளகாய்த் தோட்டத்தில் தினமும் விருந்து சாப்பிட்டது. நானா பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதினார். இணைப்பு 1, கழுதையின் படம். இணைப்பு 2, அது கடித்த செடி. இணைப்பு 3, அது தோட்டத்தில் விட்டுப்போன சாமான், இரண்டு பையில் இறுக்கிக் கட்டியபடி. ஒரே வாரத்தில் பதில் வந்தது: "தங்கள் இணைப்பு 3 கிடைத்தது. தயவுசெய்து மேலும் இணைப்புகள் அனுப்ப வேண்டாம்."

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு இணைப்பின் முதுகிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுவார். இது என்ன, எதற்கு, இதைப் பார்ப்பவர் என்ன செய்யவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எதையும் மூன்று பிரதி கொப்பி அடிக்க வருவது என் போட்டோக்கொப்பிக் கடைக்குத்தான். அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் நான்தான். ஊரில் கம்பியூட்டர் தெரிந்த பெரிய ஆள் நான் என்று எனக்கொரு நினைப்பு. அந்த நினைப்பு வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம்தான் என் மனைவி ரிஸ்னா, எத்தாளை வளவில் கடல்நீர்க் களப்பைப் பார்த்தபடி விருந்தாளிகளுக்கென்று இரண்டு அறைகள் கட்டி முடித்திருந்தாள். மூன்று வருடம் மேசனோடு மல்லுக்கட்டி எழுப்பியவை. முதல் சீசனில் வந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவரும் வழி தவறி வந்தவர். பிறகு கொழும்பில் ஒரு ஏஜென்ட், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்களை எங்களிடம் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் முதலில் அவருக்கு இணையத்தளம் ஒன்றைப் பார்க்கவேண்டும். அவர் அனுப்பாவிட்டால் அறைகளைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிடப் போவதாக ரிஸ்னா சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

"விடுங்க, நான் செஞ்சு தாறன்" என்றேன்.

நாம் எழுதிக் கேட்டால் இணையத்தளம் கட்டித்தரும் ஏஐ ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்தேன். "கரையோரம் இரண்டு அழகான அறைகள்" என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் வந்தது. அறைக்குப் பின்னால் பனி மூடிய மலை.

ரிஸ்னா எட்டிப் பார்த்தாள். "இந்த மல யாருட மல?"

எத்தாளையில் உயரமான பொருள் தென்னை மரம்தான். சரி, படம் கொடுக்கவேண்டும்போல என்று, இணைக்கும் பொத்தானை அமுக்கி, கைபேசியில் கிடந்த பத்தொன்பது படங்களையும் ஒரே இழுவையில் போட்டேன். ஒரு சொல் எழுதவில்லை. அறிவுள்ள இயந்திரத்துக்கு விளக்கம் எதற்கு? வந்ததை முழுதாகப் பார்க்காமலேயே ஏஜென்டுக்கும் அனுப்பிவிட்டு, பெருமையோடு பிளேன்டீ குடித்தேன்.

அரை மணித்தியாலத்தில் ஏஜென்ட் ரிஸ்னாவுக்குக் கோல் எடுத்தார். நிறம் பிடித்திருக்கிறதே என்று நான் எடுத்து வைத்திருந்த வேறொரு ஹோட்டலின் நீச்சல் தடாகம், எங்கள் தடாகமாக அதில் நின்றது. உச்சியில், திரை நிறைய, வெடித்த கமோட். ஹாட்வெயார் கடையில் காட்ட எடுத்த படம். அதன் கீழே "மனதுக்கு அமைதி தரும் காட்சி" என்று எழுதியிருந்தது.

"இல்லாத தடாகத்தக் காட்டி ஆள் பிடிக்கிறவங்களோட நான் வேல செய்யமாட்டன்" என்றாராம் அவர். ரிஸ்னா கெஞ்சியதில், வெள்ளிக்கிழமை வரை தவணை கிடைத்தது. அவள் என்னைத் திட்டவில்லை. சாவிக் கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் கடையில் நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது நானா கொப்பி அடிக்க வந்தார். திரையைப் பார்த்தார். கமோட்டையும் பார்த்தார்.

"தம்பி, இணைப்புக்குக் குறிப்பு எங்க?"

"அது ஏஐ நானா. அதுக்கு எல்லாம் விளங்கும்."

"முப்பது வருஷம் கந்தோர்ல இருந்தவன் நான். குறிப்பு இல்லாட்டி மனுசனுக்கே விளங்குறல்ல. எழுதுங்க."

கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து சொல்லத் தொடங்கினார். "மேற்படி விடயம் தொடர்பாக. இணைப்பு 1, எங்கள் அறை. இது போட. இணைப்பு 2, வேறொருவருடைய ஹோட்டல். இது பார்க்க மட்டும். நிறத்தை எடுக்கவும், தடாகத்தைத் தொடவேண்டாம். இணைப்பு 3, விலைப்பட்டியல். எழுத்து மாறாமல் போடவும்."

"கமோட்ட என்ன செய்ய நானா?"

"அது இணைப்பில்ல தம்பி, அது முறைப்பாடு. அத வெளிய எடுங்க."

கமோட்டை எடுத்த இடத்தில் வைக்க என்னிடம் ஒரு நல்ல படமும் இல்லை. நானா தன் பையைத் துழாவி ஒன்றை எடுத்தார். பொழுது சாயும் நேரம், பொன்னாகக் கிடக்கும் களப்பு, எங்கள் வாசல் படலை, படலைக்கு முன்னால் அந்தக் கழுதை. முறைப்பாட்டின் இணைப்பு 1, மூன்றாவது பிரதி. "இணைப்பு 4. இது போட. உச்சியில். கழுதையைக் கவனிக்க வேண்டாம்" என்றார். கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்றும் எழுத வைத்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதி, படத்தையும் ஸ்கேன் செய்து ஏஐக்கு அனுப்பினேன்.

வந்த பக்கத்தில் எங்கள் அறை இருந்தது. ரிஸ்னா தைத்த திரைச்சீலை, கோணல் தென்னை, உச்சியில் களப்பு. இல்லாத ஒன்றும் இல்லை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது நம்மட வீடு" என்றாள். சாவிக் கொத்து மேசையிலிருந்து அவள் இடுப்புக்குப் போனது.

ஏஜென்ட் அந்த மாதமே ஆட்களை அனுப்பினார். வந்தவர்கள் பையை இறக்கும் முன்னே கேட்ட முதல் கேள்வி, "கழுதை எங்கே?"

நானாவுக்கு வந்ததே கோபம். "வல்லாஹி, அவன விரட்டச் சொல்லி எடுத்த படம் அது!" என்று கத்தினார். கத்திவிட்டு, விருந்தாளிகள் கொடுக்கட்டும் என்று தன் தோட்டத்திலிருந்தே நாலு மிளகாய்ச் செடியைப் பிடுங்கிவந்து தந்தார். அதிலும் துண்டு ஒட்டியிருந்தது: "கழுதைக்கு. இந்த ஒரு தடவை மட்டும்."

இப்போது நானா கனமூலை என்ற ஊரில் மகளோடு இருக்கிறார். கழுதை இங்கேதான் இருக்கிறது. மூன்று பிரதி கேட்டு யாரும் என் கடைக்கு வருவதில்லை. கம்பியூட்டர் தெரிந்த பெரிய ஆள் நான், இப்போது ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுகிறேன். இந்தக் கட்டுரையோடு பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன்.

இணைப்பு 1: இணைப்பு நானா. இது போட. கொஞ்சம் பெரிதாகப் போடவும், எனக்கு அவரைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது.