நடுவில் ஓட்டை போட்ட மிட்டாய்

விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்காமல் போவது இரண்டே இரண்டுதான். ஒன்று சரக்கு ரயில், இன்னொன்று எங்கள் சூளை அண்ணன்.

செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சூடு பார்ப்பது அவர் வேலை. பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி போடுகிறவர். மணிக்கொரு தரம் சூளையைப் பார்க்கும்போதே விரலைக் குத்தித் தன் சர்க்கரையையும் பார்த்து, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிவைப்பார். ஆயிரத்து இருநூறு டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் ஒருநாள் நூற்றுப் பத்து என்று கண்ட முதலாளி, சூளை அணைந்துவிட்டதென்று செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். “அது நானுங்க” என்றார் அண்ணன் அடக்கமாக.

நாற்பது வயதில் இவருக்கு மாரத்தான் ஆசை வந்தது. ஊரே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து, இனிப்போடு ஒருத்தர் கூடவே போனால் ஓடலாம் என்றார். பேக்கிங் செக்‌ஷனில் ஸ்கூட்டி வைத்திருந்த ஒரே ஆள் நான். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அன்றோடு போயிற்று.

ஒரு ஞாயிறு, பெண்ணாடம் ரோட்டில் பதினைந்தாவது கிலோமீட்டர். அதுவரை வழியெல்லாம் எனக்குச் சூளைப் பாடம் நடத்திக்கொண்டு ஓடியவர், பேச்சு குழறி நின்றார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. “சூளை எறங்குது தங்கச்சி” என்றார். பைக்குள் கைவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட வெள்ளை மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டேன். கடக்கென்று ஒரு சத்தம்.

துப்பிக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “நம்ம சரக்குதான். நல்லா வெந்திருக்குது.”

ஹீட்டர் கம்பியில் கோக்கிற பீங்கான் மணி! சாம்பிள் போட்டுவைத்திருந்த பையை மாற்றித் தூக்கி வந்திருக்கிறேன். மிட்டாய்ப் பை வீட்டில். அண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்து, என்னையே பார்த்து நீங்க யாருங்க என்று கேட்டார்.

நல்லகாலம், ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. மறித்து நிறுத்திக் கரும்பு கேட்டேன். சுகர் என்று டிரைவரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. “சுகர்காரருக்குப் போயி கரும்பாங்க? எங்கப்பாவுக்கு டீயிலயே சக்கர போடறதில்ல” என்று பத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரோடு வாதாட நேரமில்லை. நானே ஒரு கழியை உருவி, முழங்காலில் வைத்து ஒடித்து, பல்லால் உரித்து அண்ணனிடம் கொடுத்தேன். மெதுவாக மென்றார். கால்மணி நேரத்தில் முகம் தெளிந்து, என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அழுதுவிட்டேன்.

மாரத்தானையும் அவர் விடவில்லை. பாண்டிச்சேரியில், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். வந்ததும் கையை நீட்டினார். நான் கொடுத்த மிட்டாயை மெடலில் தட்டி, சத்தம் கேட்டுப் பார்த்த பிறகுதான் வாயில் போட்டார்.

இப்போதும் ஞாயிறுதோறும் கிளம்புமுன், பையிலிருந்து ஒரு மிட்டாயை முதலில் நான் கடித்துப் பார்க்கிறேன். இப்படியே போனால் எனக்கும் சுகர் வந்துவிடும் என்கிறார் அண்ணன். வந்தால் வரட்டும். ஓடிப் போகிறவர் ஓடியே வீடு திரும்பினால் போதும் எனக்கு.