அப்பா பாஸ் பண்ணின புழுக்கள்

எனக்குப் புழு என்றால் அருவருப்பு கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காலேஜில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லப்போக, பாதிக் கேசரியில் எழுந்து போனார்கள். (மீதிக் கேசரியை நான்தான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.)

நான் படித்தது மருந்தியல், பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜில். எம்.பார்ம் கடைசி வருஷ ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது குப்பைமேனி. அதன் சாறு வயிற்றுப் பூச்சியைக் கொல்லும் என்று ஊரே சொல்கிறது. நிஜமாகவே கொல்கிறதா, எவ்வளவு சாற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் நிரூபிக்க வேண்டும். வயிற்றுப் பூச்சியை உயிரோடு எங்கே போய்ப் பிடிப்பது? அதனால் இந்தச் சோதனையை மண்புழுவை வைத்துச் செய்வார்கள். ஒரு தட்டில் வெறும் உப்புத் தண்ணீர், ஒரு தட்டில் கடையில் விற்கும் பூச்சி மருந்து, ஒரு தட்டில் நம்முடைய சாறு. மூன்றிலும் புழுக்களை விட்டு, எது எப்போது அசைவை நிறுத்துகிறது, எப்போது வெந்நீரில் விட்டாலும் அசையாமல் போகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். (எமதர்மராஜனுக்கு அசிஸ்டென்ட் உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு போல்ட்டு கூட வெளியே போகாது. அந்தப் புத்தியை அவர் ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். புதுக் குடை வாங்கினால் மழை வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். குழாயடியில் விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். புதுக் குக்கர் வெறும் தண்ணீரோடு விசில் அடித்துக் காட்டிய பிறகுதான் அம்மா அதில் அரிசி போடலாம். "ட்ரையல் பாக்காத எதும் கேட்டைத் தாண்டப்பிடாது" என்பதுதான் எங்கள் வீட்டின் குறள்.

என் ஆராய்ச்சியில் அந்த வீடே சேர்ந்துகொண்டது. சேக்காட்டு ரயில் பாதையோரம் நான் பறித்து வந்த குப்பைமேனி மொட்டை மாடியில் காய்ந்தது. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்று அந்த வாரம் தெரிந்தது. குவார்ட்டர்ஸ் பூனைகள் மொத்தமும் எங்கள் மாடியில் புரண்டன. காலேஜில் சாற்றை வற்ற வைக்கும் இயந்திரம் ரிப்பேரில் கிடந்ததால் கடைசிப் பக்குவம் எங்கள் வீட்டு அடுப்பில்தான் நடந்தது. வற்றிய சாறு ஊறுகாய் பாட்டிலில் ஏறி, ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அம்மா தோசை மாவை மட்டும் எதிர்மூலைக்கு நகர்த்தினாள்.

மாசக்கணக்கில் செய்த சோதனை நன்றாகவே வந்தது. என் சாற்றில் புழுக்கள் ஒழுங்காகச் செத்தன. தீசிஸ் பைண்டிங் ஆகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் வேலையும் சொல்லிவிட்டார்கள். தேறிவிட்டேன் என்று காகிதம் காட்டினால் சேர்ந்துகொள்ளலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் என் வழிகாட்டி வாசுகி மேடம் போனில் கூப்பிட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் எழுதி வைத்ததை நம்புகிற ஆள் இல்லை, கண்முன்னால் செய்துகாட்டச் சொல்வார், தயாராக வா என்றார். என்னிடம் ஒரு புழு கூட மிச்சமில்லை.

அப்பா லீவு போட்டார். எனக்கு அன்று காலேஜில் ஒத்திகை. கிளம்பும்போது அவரிடம் நான் சொன்ன வாக்கியம் இது: "எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும்ப்பா. சோப்ளாங்கிப் புழுவா எடுத்துட்டு வந்துடாதீங்க. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கறதா பாத்து எடுங்க." என் வாயில் அன்று சனி இருந்திருக்கிறது.

அப்பா சைக்கிளை மிதித்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனார். அங்கே தூண்டிலுக்கு மண்புழு தோண்டிக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருந்தார். இவர் பக்கெட்டோடு நின்றதைப் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கத்தானே என்று கேட்டிருக்கிறார். இல்லை, என் மகள் இதுகளுக்கு மருந்து கொடுத்துக் கொல்லணும் என்று அப்பா விளக்கியிருக்கிறார்.

"சாவடிக்கவா? அத்துக்கு இன்னாத்துக்கு நைனா மருந்து? வெயில்ல கடாசு, தானா பூடும்."

அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சாயங்காலம் வந்தபோது பின்கட்டில் ஒரு டப்பா தயாராக இருந்தது. திறந்து பார்த்து அசந்துபோனேன். ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே பளபளப்பு. ஒரு மரச்சட்டத்தில் இரண்டு பள்ளம் வெட்டி, பெரிய பள்ளத்தில் நுழையாதது வேண்டாம், சின்னப் பள்ளத்தில் நுழைந்துவிடுவதும் வேண்டாம் என்று தொழிற்சாலை முறைப்படியே பொறுக்கியிருக்கிறார். டப்பா மூடியில் சாக்பீஸால் 'ஓ.கே.' என்று எழுதியிருந்தது. பக்கெட் நிறைய வாங்கியதாகச் சொன்னீர்களே, இவ்வளவுதானா என்றேன். "ரிஜெக்‌ஷன் ஜாஸ்திட்டி" என்றார். ஃப்ரிட்ஜைத் திறந்தபோது சாறும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆவியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (மூடி போட்ட பாட்டிலில், ஃப்ரிட்ஜுக்குள். அறிவியலில் முதுகலை படித்தவள் நான்.)

மறுநாள் நீலப் புடவை, மல்லிகைப்பூ, கையில் புழு டப்பா. தேர்வாளர் மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். வழக்கப்படி அவருக்கு டிபன் வாங்கி வைத்திருந்தோம். என் நல்ல நேரம், அன்று கேன்டீனில் கிடைத்தது சேமியா கிச்சடி. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். உங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் சார் என்றேன். ஸ்டைலாக வேறு சொன்னேன்.

டீ ஆறியது. இரண்டாவது டீ வந்தது, அதுவும் ஆறியது. கடை மருந்துத் தட்டில் புழுக்கள் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டன. உப்புத் தண்ணீர்த் தட்டில் சாதாரணமாக நெளிந்தன. என் சாற்றுத் தட்டில் காலை வாக்கிங் நடந்துகொண்டிருந்தது. நான் தட்டை ஆட்டிப் பார்த்தேன். உற்சாகம் கூடியது. வாசுகி மேடம் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஏசி ஜாஸ்தியாக இருப்பதால் இருக்கலாம் என்றேன். பக்கத்துத் தட்டுக்கும் அதே ஏசிதானேம்மா என்றார் தேர்வாளர். என் தட்டில் ஒன்று மட்டும் ஓரமாக அசையாமல் கிடந்தது. அப்பாடா என்று அதை எடுத்து வெந்நீரில் விட்டேன். தூக்கம் கலைந்து எழுந்த மாதிரி துள்ளியது பாருங்கள், கிண்ணத்துக்கு வெளியே வந்து விழுந்தது. விழுந்த இடம் கிச்சடித் தட்டின் விளிம்பு. தேர்வாளர் அடுத்த வாய்க்குக் கொண்டுபோன ஸ்பூனை நிறுத்தி, சேமியாவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இது பூச்சி மருந்து இல்லம்மா. பூச்சிக்கு டானிக்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. என் தீசிஸைப் புரட்டி, அட்டவணைப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அப்ப இதுல போட்டிருக்கற நேரமெல்லாம் எங்கருந்து வந்துச்சு?"

அந்தக் கேள்வி என்னை அறைந்தது. எங்கள் துறையில் அது திருடி என்று சொல்வதற்குச் சமம். எத்தனை பகல் அந்தக் கடிகாரத்தின் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. நாளைக்கும் இங்கேதான் இருப்பேன், காரணம் சொல்ல முடிந்தால் வா, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முடித்துக்கொண்டார். வேலை, பட்டம் எல்லாம் போகட்டும். பொய் எழுதினவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்றுதான் இருந்தது.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதபடியே வந்தேன். பாரிவாக்கத்தில் ஏறிய அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏம்மா அழுவுற, டப்பால இன்னா கீது என்று பரிவாகக் கேட்டார். புழு என்றேன். ஆவடி வரைக்கும் அந்த சீட்டில் நான் தனியாக வந்தேன்.

அப்பா வீட்டு வாசல் கேட்டிலேயே நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். புழு ஒன்று கூடச் சாகலை என்றதும் அவர் முகத்தில் வருத்தத்துக்குப் பதிலாக ஒரு பெருமை வந்தது. அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"எப்படிட்டி சாகும்? நான்தான் ட்ரையல் பாத்தேம்லா. உன் மருந்தைக் கொஞ்சம் ஊத்தி, அம்புட்டையும் அதுல போட்டேன். சுருண்டதெல்லாம் ரிஜெக்ட். அசராம நின்னதை மட்டும் கழுவி உனக்கு வச்சேன். ஸ்ட்ராங்கா வேணும்னு நீதானே சொன்ன?"

குப்பைமேனிக்குச் சாகிற புழுக்களையெல்லாம் பின்கட்டுக் கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டு, குப்பைமேனிக்குச் சாகவே சாகாத புழுக்களாகப் பொறுக்கி, கழுவி, ஓ.கே. எழுதி, அதைக் கொல்லச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார். அடுக்களையிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. எதுக்கும் சாகாததா பொறுக்கி எடுத்துட்டு, அது சாகலைன்னு அழுதா எப்படிட்டி என்றாள். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் உறைத்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவர் பாஸ் பண்ணி அனுப்பின எதுவும் அதுவரை திரும்பி வந்ததே இல்லை. அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். எனக்கு இருந்த கோபமெல்லாம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

மறுநாள் காலை எழுந்தால் ஆளைக் காணோம். ஏரிக்கரைக்குப் போய்ப் புதிதாக ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு, அப்படியே காலேஜ் வாசலுக்கு வந்து எனக்காக நின்றார். தொழிற்சாலைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். தேர்வாளர் முன்னால் பக்கெட்டை வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"சார், மெட்டீரியல்ல கோளாறு இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்லதான் கோளாறு. இன்ஸ்பெக்டர் நான். இந்தப் பக்கெட்டுல நான் கை வைக்கல சார்."

பிறகு முழுக் கதையையும் சொன்னார். மரச்சட்டத்தைக் கூடப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தோள் குலுங்கியது. இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். வாசுகி மேடமும் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

சோதனை மறுபடி நடந்தது. அப்பா உள்ளே வரவில்லை. தானே கொண்டுவந்து கொடுத்த புழுக்கள் சாவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை. வராந்தாவில் திரும்பி நின்றுகொண்டிருந்தார். இந்த முறை டீ ஆறுவதற்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிட்டது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாம்பிளை யார் எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று தீசிஸில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். வெளியே வந்து, பாஸ் என்றேன். அப்பா நான் சொன்னதை நம்பாமல், உள்ளே போய்க் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

சாகாத புழுக்களைக் கொய்யா மரத்தடியில் விட்டோம். அப்பா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது சாமான் லாரியில் அந்த மரத்தடி மண்ணும் ஒரு பக்கெட் ஏறியது. இப்போது சேக்காட்டு வீட்டுத் தோட்டத்தில் கிடக்கிறது. அம்மா எந்த மருந்தடித்தாலும் அங்கே ஒரு புழுவும் சாவதில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அதே முறையில்தான். கேசரிக் குடும்பத்துக்குப் பிறகு வந்தவர்களை அப்பா விடவில்லை. மே மாத வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடக்க வைப்பார், அம்மாவின் காரக்குழம்பை மறுபடி மறுபடி ஊற்றச் சொல்வார், என் புழுக்கதையை முழுசாகச் சொல்வார். ஒவ்வொருவராகச் சுருண்டார்கள். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அந்தத் துள்ளின புழு கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டார். அவர்தான் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து நான் கத்துகிறேன்; அவர் பேப்பரில் பக்கம் புரட்டுகிறார். அம்மாவுக்கு போன் பண்ணி அழுதால் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா பாஸ் பண்ணின புழுட்டி அது. உன் மருந்துக்கு அசருமா?"

போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன ஊசி போட்டும் கேட்கவில்லை. நான் பயந்து, டாக்டர்களோடு சண்டை போட்டு, வராந்தாவில் உட்கார்ந்து அழுது, கடைசியில் சுருண்டுபோனேன். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. அப்பா கண்ணைத் திறந்து முதலில் இவரைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடி, கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பாத்தியாட்டி," என்றார். "அன்னைக்கும் என் இன்ஸ்பெக்‌ஷன் தப்பில்ல."